வரிசையக்காவின் சொந்த டோக்கன்

தலைநகரத்தைப் பற்றி ஒரு பயணக் கட்டுரை எழுதித் தருகிறேன் என்று எங்கள் ஊர்ப் பத்திரிகை ஆசிரியரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினேன். அலுவலகம் என்னை ஒரு வருடத்துக்கு அங்கே அனுப்பியிருந்தது. அரண்மனை, பூங்கா, அருங்காட்சியகம் என்று விடுமுறைக்கு ஒன்றாகப் பார்த்தாலே ஒரு புத்தகம் தேறும் என்று நினைத்தேன். அரண்மனையை வெளியிலிருந்து மட்டும்தான் பார்த்தேன். உள்ளே போகிற வரிசை அடுத்த தெருவரை நின்றது. ஆனால் அந்த ஊரில் எந்த வரிசை எங்கே தொடங்கும், எங்கே வளையும், எந்த ஜன்னலைச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே சாத்திவிடுவார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. காரணம் வரிசையக்கா.

எனக்குக் கிடைத்த வாடகை அறை ஒரு சந்தில் இருந்தது. சந்தின் ஒரு பக்கம் மெத்தைக் கடை, சைக்கிள் ரிப்பேர் கடை, முதுகோடு முதுகு ஒட்டிய ஓரறை வீடுகள். மறுபக்கம் உயரமான மதில். மதிலுக்கு அப்பால் வானத்தை அடைத்துக்கொண்டு நின்ற கண்ணாடிக் கட்டடத்தின் ஏசித் தண்ணீர் நாள் முழுக்க எங்கள் சந்தில்தான் சொட்டும். சந்துக்காரர்கள் அதன் கீழே வாளி வைத்திருந்தார்கள். வாளி யாருடையது என்பதில் வாரம் தவறாமல் சண்டை. காலையில் சந்தே கிளம்பி மதிலைச் சுற்றிக்கொண்டு போய், பின்வாசல் லிஃப்டில் ஏறிக் கட்டடத்துக்குள் மறையும். சமைக்க, தரை துடைக்க, குழந்தை பார்க்க. பொழுது சாயும்போது அதே ஆட்கள் கால் தேய இறங்கி வருவார்கள்.

வந்த மாதமே அடையாள அட்டையில் முகவரி மாற்ற வேண்டியிருந்தது. அலுவலகம் திறக்கிற நேரத்துக்குப் போய், நான்தான் முதல் ஆள் என்று நினைத்தேன். வரிசை கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மீதிக்கு இடமில்லாமல் நடைபாதையில் படுத்திருந்தது. வால் எது என்று தெரியாமல் நான் விழித்துக்கொண்டிருந்தபோது, ஆண்கள் போடும் கான்வாஸ் ஷூ போட்ட, ஐம்பது வயதுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் அம்மாள் என் கையைப் பிடித்து இழுத்தார். முகவரி மாற்றமா, இங்கே நில், பேசாமல் நில் என்று ஒரு இடத்தில் நிறுத்திவிட்டுப் போனார். அவ்வளவு நம்பிக்கையான குரலை நான் வங்கி மேலாளர்களிடம்கூடக் கேட்டதில்லை. வெயில் ஏறும்வரை நின்று ஜன்னலை எட்டிய பிறகுதான் அது இறப்புச் சான்றிதழ் வரிசை என்று தெரிந்தது.

திரும்பிப் போய்ச் சொன்னபோது அவர் கொஞ்சமும் அசரவில்லை. "போன வாரம்வரைக்கும் அதுதான் முகவரி வரிசை. இவங்க ராத்திரியோட ராத்திரியா பலகைய மாத்திட்டா நான் என்ன பண்றது?" என்றார். பிராயச்சித்தம் மாதிரி தனக்குப் பின்னால் என்னை நிற்க வைத்துக்கொண்டார். புதிதாக வந்தவள் என்பதால் அன்றைக்கே எனக்குப் 'புதுசு' என்று பெயர் வைத்துவிட்டார்.

அவருக்கு ஊர் வைத்த பெயர் வரிசையக்கா. பிறருக்காக வரிசையில் நிற்பதுதான் அவர் தொழில். முன்பு கண்ணாடிக் கட்டடத்தில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாராம். அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்க அவரை அனுப்பி நிற்க வைத்தார்கள். வெயிலுக்கும் தள்ளுமுள்ளுக்கும் அசையாமல் நின்று, முதல் ஆளாக விண்ணப்பத்தோடு வந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவரைக் கடன் கேட்க ஆரம்பித்தார்கள். பாத்திரத்தைவிட மனுஷ முகங்களைப் பார்ப்பது தேவலை என்று அவரும் தனியாகத் தொழிலில் இறங்கிவிட்டார். மருத்துவமனை, கரண்ட் ஆபீஸ், பத்திரப் பதிவு எதுவானாலும் அக்கா நிற்பார். ஜன்னல் நெருங்கும்போது போன் போடுவார். மேலே இருப்பவர்கள் குளித்து, பவுடர் போட்டு இறங்கி வருவார்கள். அவர் கணவர் வாகன நிறுத்தத்தில் காவலாளி. "எங்க வீட்ல ஒருத்தர் உக்காந்து சம்பாதிக்கிறார், ஒருத்தி நின்னு சம்பாதிக்கிறேன்" என்பார்.

அன்றைக்கு அக்காவுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் நின்றார். கட்டடத்தில் பதினாலாம் மாடி; அக்காவின் ரொம்ப நாள் வாடிக்கை. அடையாள அட்டை அலுவலகத்தில் புது விதி வந்திருந்தது. டோக்கன் கொடுக்கும்போதே கைரேகை எடுத்துவிடுவார்களாம், சம்பந்தப்பட்ட ஆளே நிற்க வேண்டுமாம். அதனால் மேடம் தன் வாழ்க்கையில் முதல்முறையாக வரிசைக்கு வந்திருந்தார், துணைக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு. டிரைவர் முதலில் குடை கொண்டுவந்தார். அடுத்து மெத்தை வைத்த மடக்கு நாற்காலி. மேடம் உட்கார்ந்த மறுநிமிடம் வரிசை நகரும். டிரைவர் ஓடிவந்து நாற்காலியைத் தூக்குவார். மேடம் மறுபடி உட்காருவார். வரிசை மறுபடி நகரும். எல்லாரும் வேண்டுமென்றே நகர்கிறார்கள் என்று மேடத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

உட்காராதீர்கள், உட்கார்ந்தால் முன்னால் இடம் காலியாகத் தெரியும், எவனாவது வந்து நுழைவான் என்று அக்கா எச்சரித்தார். சொல்லி வாய் மூடுவதற்குள் ஒருவன் நுழைந்தான். மேடம் அவனிடம், தம்பி, உங்களுக்கு அவசரமா என்று கேட்டார். அவன் ஆமாம் என்றான். சரி போங்கள் என்றார். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்படித் தலையில் கை வைத்தவர் கொஞ்ச நேரத்தில் சுவரில் சாய்ந்து, அப்படியே சறுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். மேடம் பதறிப் போய்ப் பக்கத்தில் குனிந்தார். அக்கா ஷூவைக் கழற்றினார். இடது காலில் கணுக்காலிலிருந்து முழங்கால்வரை நரம்புகள் கறுப்புக் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றன. ஒரு இடத்தில் தோல் பழுத்திருந்தது. சந்து முனை டாக்டர் பார்த்து, பெரிய மருத்துவமனைக்குப் போ, இனி அதிகம் நிற்காதே என்று சொல்லி ரொம்ப நாளாகிறதாம். ஏன் போகவில்லை என்று மேடம் கேட்டார். அந்த டோக்கன் வரிசை காலையில் நிற்கிறது, காலை நேரம் தன் வேலை நேரம் என்றார் அக்கா. அதே வரிசையில் அவர் எத்தனையோ பேருக்காக நின்றிருக்கிறார். சொந்தக் காலுக்காக ஒருமுறைகூட இல்லை.

அந்த மருத்துவமனையின் பெரிய டாக்டர் தனக்கு நன்றாகத் தெரிந்தவர், இப்போதே ஒரு போன் போடுகிறேன் என்று மேடம் கைப்பையைத் திறந்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் மேடம். நான் ஒருநாளும் வரிசையை உடைச்சதில்ல. நான் உடைச்சேன்னு தெரிஞ்சா நாளைக்கு எந்த வரிசையிலயும் என்னை நம்பி ஒருத்தரும் எடம் பாத்துக்க மாட்டாங்க."

"அப்ப கால் அழுகிப் போகட்டும்னு விட்டுடப் போறியா?"

"ஒரு நாள் வேலை இல்லாம வரட்டும், போறேன்."

மேடம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அப்போதுதான் அவர் முகத்தை ஒழுங்காகப் பார்த்தேன். அறுபதைத் தாண்டியிருக்கும், பிடிவாதக்காரக் குழந்தை மாதிரி இருந்தார். "சரி, உனக்காக நான் நிக்கிறேன்" என்றார். அக்கா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புத்தான் மேடத்துக்கு ரோஷத்தைக் கிளப்பியது என்று நினைக்கிறேன். வரிசையில் நின்ற எல்லாரையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, நாளைக்கே நிற்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். மெத்தைக் கடைக்கு மேலே ஒரே அறை. பஞ்சு பறந்து வந்து கொசுவலை, தண்ணீர்ப் பானை, கணவரின் மீசை எல்லாவற்றிலும் உட்கார்ந்திருந்தது. கீழே பொதுக்குழாயில் குடங்கள் வரிசை கட்டியிருந்தன. அந்த வரிசையில் நின்றது அவர் கணவர். வீட்டில் எந்த வரிசையிலும் நிற்பதில்லை என்பது அக்காவின் கொள்கையாம், கழிப்பறை வரிசைக்குக்கூடக் கணவர்தான் முன்னால் போய் இடம் போட வேண்டுமாம். மேடம் வருவாரா என்று கேட்டேன். காலையில் தலைவலி என்று டிரைவரிடமிருந்து சேதி வரும், பார் என்றார் அக்கா.

தலைவலி வரவில்லை, மேடம்தான் வந்தார். சந்து முனை டாக்டர் அக்காவுக்கு எழுதிக் கொடுத்திருந்த பழைய சீட்டை அவர் கையில் கொடுத்தோம். சீட்டு இருந்தால் நோயாளிக்குப் பதிலாக வேறு ஒருவர் நிற்கலாம். அக்கா அடுத்த தெருவில் வேறு ஒருவருக்காக நின்றாக வேண்டியிருந்ததால், அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நான் மேடத்தோடு நின்றேன். டிரைவரை அக்கா மருத்துவமனை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார், நாற்காலியோடு.

மேடம் நன்றாகத்தான் ஆரம்பித்தார். முன்னால் நின்றவரின் சர்க்கரை வியாதி, பின்னால் நின்றவரின் மருமகள் எல்லாவற்றையும் விசாரித்து முடித்தார். கர்ப்பிணி ஒருத்தி வந்தாள். மேடம் அவளை முன்னால் விட்டார். கைத்தடியோடு ஒருவர் வந்தார், அவரையும் விட்டார். கைத்தடிக்காரரின் அண்ணனும் வந்தார். நல்ல குணம் என்பது வரிசையில் பின்பக்கமாக நடப்பது என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். எங்களுக்கு முன்னால் நாலைந்து பேர் இருக்கும்போது ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். மேடம் ஜன்னல் கதவைத் தட்டி, நாங்கள் காலையிலிருந்து நிற்கிறோமே என்று முறையிட்டார். உள்ளேயிருந்து பதில் வரவில்லை. அவர் தட்டி ஒரு கதவு திறக்காமல் இருந்தது அதுதான் முதல்முறையாக இருக்க வேண்டும். கையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அக்கா வந்து கேட்டுவிட்டு, "மேடம், உங்களை நான் வேலைக்கு வச்சிருந்தா இன்னிக்கே சீட்டைக் கிழிச்சிருப்பேன்" என்றார். மேடம் கோபித்துக்கொண்டு காரில் ஏறிப் போனார். மறுநாள் எங்களுக்கு முன்னால் வந்து நின்றிருந்தார். வாயை இறுக்க மூடிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், வலியில் முனகிய ஒரு கிழவரைக்கூடப் பார்க்காமல் நின்று டோக்கனை வாங்கிவிட்டார். அதை அக்கா கையில் கொடுக்கும்போது, பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி அவர் கழுத்து நிமிர்ந்திருந்தது. முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை. அந்தக் கிழவர் என்ன ஆனார் என்று என்னிடம் இரண்டு தரம் கேட்டார்.

டாக்டர் அக்காவின் காலை ஒரு பார்வை பார்த்தார். இரண்டு காலுக்கும் அறுவை சிகிச்சை வேண்டும், இடது கால் அவசரம் என்று எழுதினார். அந்த அவசரத்துக்குத் தேதி ஏழெட்டு மாதம் கழித்து. பெஞ்சில் அக்காவுக்குப் பக்கத்தில் பேக்கரியில் ரொட்டி அடுப்படியில் நிற்கிற ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அதே வியாதி, கால் இன்னும் மோசம், தேதியும் அப்படியே தூரத்தில். இருவரும் காலைக் காலோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். இனி வீட்டில் படுத்தபடியே வரிசையில் நிற்கலாம் என்று அக்கா அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஆனால் அந்த மாதம் முடிவதற்குள் மருத்துவமனையிலிருந்து அக்காவுக்குப் போன் வந்தது. இந்த வியாழக்கிழமையே வந்து சேருங்கள் என்றார்கள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. நேர்மையாக நின்றால் வரிசை தானாக நகரும் என்று சந்து முழுக்கச் சொன்னார். என்னிடம் மூன்று முறை சொன்னார். மெத்தைக் கடைக்காரர் கேட்டுச் சலித்துக் கடையைச் சீக்கிரமாகவே சாத்தினார்.

சிகிச்சை முடிந்த மறுநாள் வார்டில் நான் பக்கத்தில் இருந்தேன். அக்கா கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, கட்டில் கட்டிலாகக் கண்ணை ஓட்டி யாரையோ தேடினார். பேக்கரிப் பெண்ணைத்தான். தனக்கே தேதி வந்துவிட்டது என்றால் அவள் எப்போதோ வந்திருக்க வேண்டுமே என்றார். மருந்து கொடுக்க வந்த நர்ஸ் சாதாரணமாகத்தான் பேசினார்: "நீங்கதானே பதினாலாம் மாடி மேடம் சொன்ன ஆள்? பெரிய டாக்டரே உங்க பேரை மேலே போடச் சொன்னார்."

அக்கா மாத்திரையை விழுங்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அன்று மாலை மேடம் பழங்களோடு வந்தபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மேடம் பழங்களைப் பக்கத்துக் கட்டில்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் மேடம் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். முன்வாசல் லிஃப்டில் கண்ணாடியும் பூச்செண்டும் இருந்தன. பால்கனியிலிருந்து குனிந்து பார்த்தால் எங்கள் சந்து தெரிந்தது, தார்ப்பாயும் தகரமுமாக ஒரு கோடு மாதிரி. இதில் அவள் வீடு எது என்று மேடம் கேட்டார். எனக்கே கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

"நான் ரெண்டு நாள் அங்க நின்னேன். வரிசை எப்படி நகருதுன்னு பாத்தேன். அவ கால் எட்டு மாசம் தாங்கும்னு உனக்குத் தோணிச்சா?" என்றார்.

"தோணலை" என்றேன்.

"அப்ப நான் பண்ணினது தப்பா?"

நான் மறுபடி குனிந்து சந்தில் ஏசித் தண்ணீர் வாளியைத் தேடினேன். காபி ஆறிக்கொண்டிருந்தது.

நடக்க ஆரம்பித்ததும் அக்கா முதல் வேலையாகப் பேக்கரிக்குப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார், தோள் பிடித்துக்கொள்ள. அடுப்படி வாசலில் நின்று நடந்ததைச் சொல்லி, உன் இடத்தை நான் எடுத்துக்கொண்டேன் என்று ஒப்பித்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு அது. பேக்கரிப் பெண் ரொட்டித் தட்டை இறக்கி வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு அப்படி ஒரு மேடம் இருந்திருந்தா நான் முந்தின நாளே போய்ப் படுத்திருப்பேன்க்கா. கால் எப்படி இருக்கு, அதைச் சொல்லுங்க" என்றார்.

அக்காவுக்கு இது பெரிய ஏமாற்றம். கொஞ்சமாவது திட்டியிருக்கலாம் என்று திரும்பும் வழியெல்லாம் புலம்பினார். யாரும் தண்டனை கொடுக்காததால் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டார். திங்கட்கிழமை தோறும் மருத்துவமனை வரிசையில், நிற்க முடியாதவர்களுக்காகக் காசு வாங்காமல் நிற்பது. அதிகம் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், பாதி வாரங்களை மேடம் தலையில் கட்டினார். பல நாள் பேசாமல் இருந்துவிட்டு அவர் மேடத்துக்குப் போட்ட முதல் போன் அதுதான். மேடம் மறுபேச்சு இல்லாமல் ஒத்துக்கொண்டார். அந்தப் போனுக்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது.

மேடம் நாலைந்து திங்கட்கிழமை ஒழுங்காக வந்தார். ஒரு வாரம் அவருக்குப் பதிலாக டிரைவர் வந்து நின்றார். அக்கா அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு மேடத்துக்குப் போன் போட்டார்: "ஆள் வச்சு நிக்கிறதுன்னா அதுக்கு நான் இருக்கேன் மேடம், அது என் தொழில். நீங்க வாங்க." முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மேடம் வந்தார். அதற்குப் பிறகு வந்த வாரமும் உண்டு, வராத வாரமும் உண்டு. வராத வாரங்களில் யார் யாருடைய கல்யாணத்துக்கோ போய், தான் மருத்துவமனையில் நின்ற கதையை அங்கே சொல்லிக்கொண்டிருந்தாராம். டிரைவர் சொன்னது.

பேக்கரிப் பெண்ணுக்கு அவர் தேதியிலேயே சிகிச்சை நடந்தது. அக்கா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் ஊர் திரும்புகிற சமயத்தில் அக்காவின் வலது காலும் மோசமாக ஆரம்பித்திருந்தது. இந்த முறை தானே நின்று டோக்கன் வாங்கினார். தேதி அடுத்த வருடக் கடைசியில் விழுந்தது. மேடம் அப்போது வெளிநாட்டில் மகள் வீட்டில் இருந்தார். அக்கா அவரைப் போனில் பிடித்து, இந்தக் காலுக்கு யாரிடமும் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாராம். மேடம் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"சரின்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. அங்க மழையான்னு கேட்டாங்க" என்றார் அக்கா.